கடல் எழுந்து நின்ற பதினொரு மாதம்

பரலோகத்துறையில் கடல் தன் தரையை விட்டு எழும்பத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் என்று ஒரு கட்சியும், இல்லை, அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்கு மணி அடித்தபோதே ஒரு விரற்கடை எழும்பிவிட்டது என்று இன்னொரு கட்சியும் இன்றைக்கும் அந்த ஊரில் உண்டு. ஆனால் இரண்டு கட்சிக்காரர்களும் மறுக்காத ஒன்று, கிராம உதவியாளர் பிரகாசி மீன் ஏலக்கூடத்துச் சுவரில் அரசாங்க அறிவிப்பை ஒட்டி மூன்று வாரம் முடிவதற்குள் அது நடந்தது என்பதுதான்.

அறிவிப்பில் இருந்தது இவ்வளவு: கரையிலிருந்து பன்னிரண்டு கடல்மைல் வரைக்கும் உள்ள தண்ணீரில் மீன் பிடிப்பது மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. அந்தத் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் நிலமும், நிலத்தில் உள்ள எண்ணெயும் எரிவாயுவும், நிலத்தின் மேல் கிடக்கும் மதிப்புள்ள பொருள்கள் யாவும் மத்திய அரசுக்குச் சொந்தம். அந்த நிலத்தில் ஒரு பகுதி ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருக்கிறது. இதனால் தண்ணீரின் மேல் மாநிலத்துக்கு உள்ள உரிமை எந்த வகையிலும் பாதிக்கப்படாது.

கூடி நின்றவர்கள் கேட்டதால் பிரகாசி அதை இரண்டு தடவை உரக்கப் படித்தாள். கிராம நிர்வாக அலுவலர் கோலப்பன் பக்கத்தில் குடை பிடித்து நின்றார். மலையோரத்து ஊரிலிருந்து வந்த மனிதர், கடல் காற்று பட்டால் அவருக்குக் காது அடைக்கும். வலையைத் தோளில் போட்டிருந்த ஒருவர் அவரிடம் கேட்டார்: "அது சரி சார். மண்ண தோண்டும்போ தண்ணிய எங்க கொண்டு வைப்பீங்க?"

அதற்குப் பதில் அறிவிப்பில் இல்லை. "நான் மேல எழுதிக் கேக்கேன்" என்றார் கோலப்பன். அவர் எழுதினாரா இல்லையா என்பது தெரியாது. கடல் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கியிருக்க வேண்டும் என்று பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள்.

பிரகாசிக்கு அப்போது நாற்பத்தேழு வயது. அந்தக் கடற்கரையிலிருந்து கிராம அலுவலகத்துக்குள் வேலைக்குப் போன முதல் ஆள் அவள்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாய் செத்தபோது ஏழு வயதாக இருந்த தம்பி தொபியாசை அவள்தான் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, அடித்து, வளர்த்தாள். அந்தத் தம்பிதான் இரண்டு வருஷத்துக்கு முன் இதே குத்தகை வரப்போகிறது என்று இதே சுவரில் அவள் ஒட்டிய முதல் அறிவிப்பை, பசை காய்வதற்குள், ஊர் பார்க்கக் கிழித்துப் போட்டான். வழக்கு வந்தது. ஒட்டியவள் என்ற முறையில் அவளைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். கிழித்தது யார் என்று கேட்டபோது, பொய் சொல்லத் தெரியாத காரணத்தாலோ, வேலை போய்விடும் என்ற பயத்தாலோ, எதனால் என்று அவளுக்கே பிறகு பிரித்துப் பார்க்க முடியவில்லை, "தொபியாஸ்" என்று சொல்லிவிட்டாள். தம்பி நாற்பது நாள் சிறையில் இருந்துவிட்டு வந்தான். அக்காவிடம் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு மாதம் பேசாமல் இருந்து, கார்த்திகைப் புயலில் மூன்று பேரோடு கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. காணாமல் போனவர் என்று எழுதிக்கொண்டார்கள். ஏழு வருஷம் கழிந்தால்தான் செத்தவர் என்று எழுத முடியும் என்றார்கள்.

இதுதான் கடல் எழும்பும்போது பிரகாசியின் நிலைமை.

முதலில் விரற்கடை. பிறகு ஒரு சாண். பிறகு முழங்கால் உயரம். தண்ணீரின் அடிப்பாகம், வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் தெரியும் மச்சு மாதிரி, ஒரே சமமாக, லேசாக நடுங்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனது. அதற்குக் கீழே மணலும் பாசியும் சேறும் காற்றுப் பட்டு வெளுக்க ஆரம்பித்தன. பதினேழாம் நாள் ஐந்தரை அடியில் நின்றது. அதற்கு மேல் ஒரு நூல் போகவில்லை. அலைகள் அந்த உயரத்திலிருந்து கரைக்கு விழுந்தன, ஓட்டு வீட்டு இறவாணத்தில் மழை விழுவது போல.

ஊருக்கு அது பெரிய தொந்தரவாக இருந்தது. வள்ளத்தைக் கரையிலிருந்து அப்படியே தள்ளிக் கடலில் இறக்க முடியவில்லை, ஆளுயரம் தூக்கி ஏற்ற வேண்டியிருந்தது. கோயில் தோப்பில் பதினாறு தென்னையை வெட்டச் சொன்னார் பங்குச்சாமி, மரங்களைச் சாய்த்துக் கட்டிச் சரிவுப் பாலம் போட்டார்கள், அதன் மேல் வள்ளத்தை இழுத்து ஏற்றினார்கள், ஒரு வாரத்தில் அது பழகிப்போனது. கடலுக்குக் கீழே போகிறவர்கள் குடை கொண்டுபோனார்கள், நுழையும் இடத்தில் விழும் தண்ணீருக்காக. ஐந்தரை அடிக்கு மேல் உயரமானவர்கள் குனிந்து நடந்து நடந்து கழுத்து வலி வந்து, கீழ்த்தெரு மருந்துக்கடையில் வலி தைலம் தீர்ந்தது. தலைக்கு மேலே மீன் போவது தெரிந்தாலும் கீழிருந்து யாரும் கை வைக்கக் கூடாது என்று ஊர்க் கமிட்டி கட்டுப்பாடு போட்டது; மேலே வலை போடுகிறவன் பிழைக்க வேண்டும் அல்லவா. டி.வி.காரர்கள் எட்டு நாள் இருந்தார்கள். அப்புறம் எங்கோ தேர்தல் வந்தது, போய்விட்டார்கள்.

அதிகாரிகள் வந்தார்கள். மீன்வளத் துறையிலிருந்து வந்தவர் தண்ணீரை அளந்துவிட்டு, "தண்ணி கூடவும் இல்ல, குறையவும் இல்ல. எங்க பக்கம் ஒரு மாற்றமும் இல்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டில்லியிலிருந்து வந்தவர் மண்ணை அளந்துவிட்டு, நிலம் இருந்த இடத்தில் இருக்கிறது, ஆகவே குத்தகையில் மாற்றம் இல்லை என்று எழுதினார். இரண்டுக்கும் நடுவில் இருந்த ஐந்தரை அடியைப் பற்றி இருவரும் எழுதவில்லை. கோலப்பன் தன் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார். புன்செய், நத்தம், புறம்போக்கு, நீர்நிலை என்று எந்தக் கலத்திலும் அது உட்காரவில்லை.

அப்படியானால் அது ஊருடையது என்று கிராம சபையில் கை தூக்கித் தீர்மானம் போட்டார்கள். தண்ணீர் ஒரு அரசுக்கு, மண் இன்னொரு அரசுக்கு, நடுவில் உள்ளது யார் கணக்கிலும் இல்லை என்றால் அது எங்களுக்கு. சட்டசபையிலும் யாரோ எழுந்து மாநில உரிமை என்று அதைப் பற்றிப் பேசினார்களாம். கடல் நமக்காகத்தான் எழும்பியிருக்கிறது என்று அந்த நாட்களில் பரலோகத்துறை முழுக்க நம்பியது. பெண்கள் கூட்டமாகக் கீழே போனார்கள். தலைமுறை தலைமுறையாகக் கடலில் விழுந்த பொருள்கள் எல்லாம் அங்கே கிடந்தன: நங்கூரங்கள், மோட்டார்கள், கிழிந்த வலைகள், ஒரு தையல் மெஷின், சுனாமி கொண்டுபோன கோயில் மணி ஒன்று. எடுத்து வந்து கரையில் வரிசையாக வைத்தார்கள். தன்னுடையது என்று தெரிந்தவர்கள் எடுத்துப் போனார்கள், சண்டை வரவில்லை.

மூன்றாம் மாதம் தொபியாசின் மனைவி ஆக்னஸ், பிரகாசியின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வழக்கு நடந்த நாளிலிருந்து அவள் அந்த வாசலை மிதித்ததில்லை.

"மைனி, நாலு மைல் தள்ளி பாறைப் பாருக்குப் பக்கத்துல ஒரு வள்ளம் சரிஞ்சு கெடக்காம். பச்சைப் பெயிண்டாம். நீங்க வரணும்."

"நான் எதுக்கு ஆக்னஸ்?"

"சர்க்கார் ஆளு ஒருத்தர் கண்ணால பாத்தாத்தான் சர்டிபிகேட் குடுப்பாங்களாம். நீங்கதானே இந்த ஊருல சர்க்கார்."

அதில் கோபம் இருந்ததா என்று பிரகாசிக்குத் தெரியவில்லை. இருவரும் சோற்றுப் பொதியும் டார்ச் லைட்டும் எடுத்துக்கொண்டு காலையில் கிளம்பினார்கள். கரையோரத்தில் பச்சை வெளிச்சம் இருந்தது. போகப்போக நிலம் சரிந்து இறங்கியது, தலைக்கு மேலே தண்ணீரின் கனம் கூடியது, வெளிச்சம் குறைந்து குறைந்து மூக்குத்தி அளவுக்கு ஆனது. கடலின் சத்தம் அங்கே பக்கவாட்டில் வராது, மேலிருந்து வரும், ஓயாமல் மாவு அரைக்கிற மாதிரி.

வள்ளம் பாரில் சாய்ந்து கிடந்தது. நான்கு பேரும் அதன் அருகிலேயே கிடந்தார்கள், எலும்பாக. யார் யார் என்று பிரித்தறிய மற்ற மூன்று பேரிடம் ஒன்றும் இல்லை. தொபியாசின் வலது கையில், பத்தொன்பது வயதில் பாறையில் விழுந்து உடைந்தபோது வைத்த இரும்புப் பட்டையும் ஆறு திருகாணியும் இருந்தன. ஆஸ்பத்திரியில் அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவள் பிரகாசி. அவள் அதைத் தொட்டாள். ஆக்னஸ் தான் கொண்டுவந்த வெள்ளைத் துணியை விரித்தாள்.

"இப்பம் எடுக்காண்டாம்" என்றாள் பிரகாசி.

"என்ன சொல்லுதீங்க?"

"தரையில கெடக்கது எல்லாம் மத்திய சர்க்காருக்குன்னு நான்தானே படிச்சேன். கேக்காம எடுத்தா, எங்கேருந்து எடுத்தோம்னு நாளைக்கு நிரூபிக்க முடியாது. சர்டிபிகேட் வராது. ஒரு வாரம் பொறு."

ஆக்னஸ் துணியை மடித்தாள். "அன்னைக்கும் நீங்க அந்தப் பக்கம்தான் நின்னீங்க மைனி" என்று மட்டும் சொன்னாள்.

பிரகாசி கோலப்பனிடம் சொன்னாள். கோலப்பன் கெட்டவர் இல்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எலும்பு மண்ணு மேலதான் கெடக்கு. நான் என்ன செய்ய முடியும்? மனு போடுவோம்" என்றார். மனு போட்டார்கள். ஒரு வாரம் பத்து வாரமானது. அனுமதி வரும்வரை அந்த இடத்தில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளும்படி பிரகாசிக்கே உத்தரவு வந்தது. தினமும் காலையில் நாலு மைல் நடந்து போய், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில், தம்பியின் எலும்புக்குக் காவலாக உட்கார்ந்து, சாயங்காலம் திரும்பினாள். முதல் சில நாள் அவனிடம் பேசிப் பார்த்தாள். எட்டு மாதம் பேசாமல் இருந்தவன் இப்போதும் பேசவில்லை. பிறகு அவளும் நிறுத்திவிட்டாள்.

பதினோராம் வாரம் வந்த கடிதம் அனுமதியைப் பற்றியது அல்ல. நடுவில் உள்ள ஐந்தரை அடி தரையிலிருந்து தொடங்கி மேல் நோக்கி அளக்கப்படுவதால் அது தரையைச் சேர்ந்தது, தரை குத்தகைக்குப் போயிருப்பதால் அதுவும் குத்தகையைச் சேர்ந்தது, வரும் திங்கள் முதல் பொதுமக்கள் கடலுக்குக் கீழே நுழையக் கூடாது.

சனிக்கிழமை பகலில், வழியில் போகிற வருகிறவர்கள் எல்லோரும் பார்க்க, பிரகாசி ஆக்னசைக் கூட்டிக்கொண்டு போய் நான்கு பேரையும் எடுத்துவந்தாள். பங்குச்சாமி அன்று மாலையே ஒரே குழியில் அடக்கம் செய்தார். ஞாயிறு கழிந்து திங்கள் காலையில் அவள் அலுவலகத்துக்குப் போய், கடலடி நிலத்திலிருந்து அனுமதியின்றிப் பொருள் எடுத்தவர் பிரகாசி, கிராம உதவியாளர் என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டு மேஜையில் வைத்தாள்.

கோலப்பன் அதைக் கையில் எடுத்துப் படித்தார். "இத நீங்க எழுதாட்டி எனக்குத் தெரியாதே" என்றார்.

"எனக்குத் தெரியுமே சார்."

அவர் அதை மேலே அனுப்பினார். அவளை இடைநீக்கம் செய்தார்கள். அனுமதியில்லாமல் எடுக்கப்பட்டதால் எடுத்த இடம் உறுதிப்படவில்லை என்று சொல்லி, நான்கு குடும்பத்துக்கும் இறப்புச் சான்றிதழ் மறுக்கப்பட்டது. ஆக்னஸ் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வந்து பிரகாசியின் அடுப்படியில் உட்கார்ந்தாள். இருவரும் சேர்ந்து மரச்சீனிக் கிழங்கு அவித்துத் தின்றார்கள். அதற்குப் பிறகு அவள் தினமும் வந்தாள்.

கம்பெனி வந்தது. கடலுக்கு மேலே மேடை கட்டி, தண்ணீரைத் துளைத்துப் போக வேண்டிய வேலை, இப்போது நடந்து போய்ச் செய்கிற வேலையாக ஆகிவிட்டது. ஐந்தரை அடி உயரத்தில் இரும்புத் தூண்கள் கொண்டுவந்து, பத்தடிக்கு ஒன்றாக, கடலைத் தாங்குவதற்கு நட்டார்கள். தூண்களுக்கு நடுவே குழாய் போட்டார்கள். ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அறுபத்தொரு பேர் வந்து தகரக் கொட்டகையில் தங்கினார்கள். குழாய் வேலையில் மண் சூடேற, மீன்கள் தெற்கே போய்விட்டன. தென்னைமரப் பாலத்தின் மேல் வள்ளங்கள் வெயிலில் வெடித்துக் கிடந்தன. கடல் தங்களுக்காக எழும்பியது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இப்போது அதைப் பற்றிப் பேசவில்லை. கம்பெனிக்கு இடம் விட்டு எழும்பியது போலல்லவா ஆகிவிட்டது என்று தெரு முக்கில் ஒருவர் சொன்னபோது, மற்றவர்கள் அவரை அடிக்கப் போனார்கள். பிறகு அவர்களும் அழுதார்கள்.

சம்பளம் நின்றுபோன பிரகாசிக்கு ஒரு வேலை கிடைத்தது, வேலையாட்களுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோவது. கடலுக்கு அடியில் வழி தெரிந்தவள் என்று சைட் என்ஜினியர் நந்தகுமார்தான் கூப்பிட்டார். முதலில் மாட்டேன் என்றாள், பிறகு போனாள். ஆக்னசும் கூடப் போனாள். ஊரில் சிலர் காறித் துப்பினார்கள்.

வேலையாட்களில் சுதாம் என்று ஒரு வெல்டர், முப்பத்தைந்து வயதிருக்கும். அவனுக்கு மேலே இருந்த தண்ணீரைப் பார்த்தால் பயம். நடக்கும்போது ஒரு கையைத் தூக்கி, விரல் நுனியால் தண்ணீரின் அடிப்பாகத்தைத் தொட்டுக்கொண்டே நடப்பான், அது அங்கேயே இருக்கிறதா என்று பார்ப்பது போல. மற்றவர்கள் சிரிப்பார்கள். பிரகாசியைக் கண்டால் "அக்கா, சோறு, நல்லது" என்பான், அவனுக்குத் தெரிந்த மூன்று தமிழ் வார்த்தை அவ்வளவுதான். போனில் ஒரு படத்தைக் காட்டுவான், மஞ்சள் புடவையில் ஒரு பெண், அவனைவிட மூத்தவள். "அக்கா" என்று படத்தையும் காட்டுவான், இவளையும் காட்டுவான். ஒருநாள் அவன் தட்டில் அவள் மீன் இரண்டு துண்டு கூட வைத்தாள். அதை அவன் கவனித்துச் சிரித்தான்.

பதினோராம் மாதம், ஒரு வியாழக்கிழமை, சோற்றுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பிரகாசி உள்ளே நடந்தபோது கூடையின் மூடி ஈரமானது. அவள் ஐந்தடிக்கும் குறைவு. கூடை அரை அடி. அதுவரை ஒருநாளும் மேலே இடித்ததில்லை. இன்னும் நூறு அடி நடந்தாள், மூடியின் மேல் தண்ணீர் தேங்கியது. கூடையை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு, ஆக்னசைக் கூட்டிக்கொண்டு கரைக்கு ஓடினாள்.

நந்தகுமார் திருப்பூர்க்காரர், அதிர்ந்து பேசாதவர். டேப் எடுத்து அளந்தார். கால் மணி நேரம் கழித்து மறுபடி அளந்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"எறங்குது."

"ஆளுகள வெளிய வரச் சொல்லுங்க சார்."

"நானா சொன்னா வேலைய நிறுத்தினதுக்கு நான்தான் பொறுப்பு. ஒரு போன் போட்டுக் கேட்டுக்கறேன்."

அவர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். இறங்குவது தண்ணீர், தண்ணீர் மாநிலத்தின் விஷயம், அவர்களிடம் கேளுங்கள் என்றார்கள். மீன்வளத் துறைக்குப் போட்டார். குறைவது நடுவில் உள்ள இடம், அது குத்தகையில் உங்களுடையது, டில்லியில் கேளுங்கள் என்றார்கள். டில்லியில் அந்த அதிகாரி கூட்டத்தில் இருந்தார். நந்தகுமார் போனைக் காதில் வைத்துக்கொண்டு, காத்திருக்கச் சொல்லும் பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் கடல் ஒரு சாண் இறங்கியிருந்தது.

பிரகாசி அவரைப் பார்த்தாள். வேலை போய்விடும் என்று போனை விடாமல் பிடித்து நிற்பதைப் பார்த்தாள். சாட்சிக் கூண்டில் தான் நின்றதும் இப்படித்தான் என்று அவளுக்குத் தெரியும். திரும்பிக் கடலுக்குள் போனாள். ஆக்னஸ் பின்னாலேயே வந்தாள்.

"நீ போ ஆக்னஸ், பிள்ளைகளுக்கு நீ வேணும்."

"தனியா எத்தன பேர இழுப்பீங்க? நடங்க மைனி."

முதல் கூட்டம் ஒரு மைலில் இருந்தது, இருபது பேர். பார்த்தவுடன் புரிந்துகொண்டு கருவிகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். இரண்டாவது கூட்டம் மூன்று மைலில். அங்கே போய்ச் சேரும்போது இரண்டு பெண்களுமே குனிந்து நடந்துகொண்டிருந்தார்கள். முப்பத்திரண்டு பேர். தூண்கள் கடலின் கனத்தைத் தாங்கி முனகத் தொடங்கியிருந்தன. சில இடங்களில் தண்ணீர் தூண்களுக்கு இடையில் வயிறு போலத் தொங்கியது. ஆக்னஸ் முன்னால் வழி காட்டினாள், பிரகாசி கடைசி ஆள் வரை எண்ணி அனுப்பிவிட்டு இருட்டுக்குள் பார்த்தாள்.

இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள், சுதாமும் அவர்களில் ஒருவன். ஒரு மைல் தள்ளி, குழாயின் கடைக்கோடியில். வெல்டிங்கின் நீல வெளிச்சம் விட்டு விட்டு மின்னுவது அவளுக்குத் தெரிந்தது. அவள் கூப்பிட்டாள். தொண்டை கிழிய, சுதாமின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கடலின் சத்தத்தில் அவள் குரல் நூறு அடி தாண்டியிருக்காது. டார்ச்சை அணைத்து அணைத்துக் காட்டினாள். வெல்டிங் கண்ணாடி போட்டிருப்பவனுக்கு டார்ச் வெளிச்சம் எங்கே தெரியப் போகிறது. போய் வர இரண்டு மைல். கடலின் அடிப்பாகம் இடுப்பு உயரத்துக்கு இறங்கிவிட்டது. அவள் அந்த வெளிச்சத்தை நோக்கிப் பத்து இருபது அடி தவழ்ந்தாள், நின்றாள், பின்னால் ஒருவன் கால் தூணில் மாட்டிக்கொண்டு அலறுவதைக் கேட்டாள். திரும்பினாள். அவன் காலை விடுவித்து, அவனை முன்னால் தள்ளிக்கொண்டு கரையைப் பார்க்கத் தவழ்ந்தாள். ஒரு தடவை திரும்பிப் பார்த்தபோது நீல வெளிச்சம் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.

ஐம்பத்திரண்டு பேர் வெளியே வந்தார்கள், கடைசியில் வந்தவர்கள் மண்ணில் வயிற்றால் ஊர்ந்து. பரலோகத்துறை ஆட்கள், காறித் துப்பியவர்களும்தான், தண்ணீரின் விளிம்பில் படுத்துக் கையை உள்ளே நீட்டி ஒவ்வொருவரையாக இழுத்துப் போட்டார்கள். பிரகாசி வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் கடல் உட்கார்ந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. நின்று நின்று களைத்த ஆள் தரையில் உட்காருவது மாதிரி. பிறகு அலைகள் பழையபடி கரையில் வந்து நுரைத்தன. நந்தகுமார் இன்னும் போனைக் கையில் வைத்திருந்தார், அதில் யாரோ "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது பேரும் காணாமல் போனவர்கள் என்று எழுதப்பட்டார்கள். மண்ணின் மேல் வேலை செய்தவர்கள் ஆனாலும் இறந்தது தண்ணீரால், தண்ணீர் மாநிலத்துடையது என்று ஒரு கடிதம் வந்தது. தண்ணீரால் என்றாலும் கிடப்பது மண்ணில், மண் மத்திய அரசுடையது என்று பதில் கடிதம் போனது. கம்பெனி, அந்த ஒன்பது பேரும் தன் ஆட்கள் அல்ல, காண்ட்ராக்டரின் ஆட்கள் என்றது. காண்ட்ராக்டரின் போன் அணைந்திருந்தது. குத்தகை மட்டும் அப்படியே இருந்தது. அடுத்த வருஷம் மேடை கட்டித் துளைப்பார்கள் என்று பேச்சு.

ஒரு மாதம் கழிந்து கோலப்பன் ஆள் அனுப்பிப் பிரகாசியைக் கூப்பிட்டார். அவள் இடைநீக்கத்துக்குப் பிறகு அந்த அலுவலகப் படி ஏறியதில்லை. உள்ளே பெஞ்சில் மஞ்சள் புடவையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், காலடியில் துணிப்பை. மூன்று ரயில் மாறி வந்திருக்கிறாள்.

"பேரு ஜமுனாவாம்" என்றார் கோலப்பன், குரல் தாழ்த்தி. "ரெண்டு நாளா வாறா. பாஷை புரியல. நான் எந்த ஆபீசுக்குன்னு அனுப்புவேன்? நீங்க ஒண்ணு பேசிப் பாருங்க பிரகாசி."

ஜமுனா சுதாமின் போட்டோவை நீட்டினாள். பிரகாசி தலையசைத்தாள். ஜமுனா ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டாள், அது எங்கே என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

ஆக்னசின் அண்ணன் மிக்கேல் வள்ளத்தை இறக்கினார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் மலையின் இரண்டாவது முகடும் ஒரே நேராக வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னாள் பிரகாசி. நாலு மைல். மிக்கேல் மோட்டாரை அணைத்தார்.

"இஞ்சதான்" என்று பிரகாசி கீழே காட்டினாள். பிறகு, அந்தப் பெண்ணுக்குப் புரியாது என்று தெரிந்தே, சொன்னாள்: "வெளிச்சத்த நான் பாத்தேன். அவன் வேல செஞ்சிட்டிருந்தான். நான் திரும்பி வந்துட்டேன். என்னால போக முடிஞ்சிருக்கும்னு சில நேரம் தோணுது, முடிஞ்சிருக்காதுன்னு சில நேரம் தோணுது. நான்தான் திரும்பி வந்தேன், வேற யாருமில்ல."

ஜமுனா அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் தன் மொழியில் பேசினாள், நிறைய, நிறுத்தி நிறுத்தி, ஒரு தடவை சிரித்தும்கூட. சிறு வயதில் அவன் செய்த ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கலாம். பேசி முடித்துத் தண்ணீருக்குள் கையைக் காட்டி, கையை மேலும் கீழுமாக அசைத்தாள்.

"எவ்வளவு ஆழம்னு கேக்குறா" என்றார் மிக்கேல்.

பிரகாசி கயிற்றில் கட்டிய ஈயக் குண்டை எடுத்து, கயிற்றின் மறுபக்கத்தை ஜமுனாவின் கையில் கொடுத்து, குண்டைத் தண்ணீரில் விட்டாள். கயிறு ஜமுனாவின் விரல்களுக்கு நடுவே ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, பாகம் பாகமாக, இவ்வளவு கயிறு வள்ளத்தில் இருந்ததா என்று தோன்றும் அளவுக்கு, பிறகு தொய்ந்தது. குண்டு மண்ணைத் தொட்டுவிட்டது என்பது அவளுக்கு விரலில் தெரிந்திருக்க வேண்டும், மூச்சை இழுத்துப் பிடித்தாள். கயிற்றை மேலே இழுக்கவில்லை. மெதுவாக, தூங்குகிறவனைத் தட்டிப் பார்ப்பது போல, இரண்டு தடவை அசைத்தாள். பிறகு கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, பலகையில் சரிந்து உட்கார்ந்து, காத்திருந்தாள்.

மிக்கேல் மோட்டாரைத் தொடவில்லை. பிரகாசி அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, கயிற்றின் கனம் அவள் கையை அறுக்காதபடி, தானும் ஒரு பிடி பிடித்துக்கொண்டாள்.